குளிருக்கும் பசிக்கும் ஒரே சொல்

திர்ஸா ஹார்க்கருக்குப் பொய் சொல்ல வராது. யார்க்‌ஷயரின் வடக்கு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் பிறந்து, அதே பள்ளத்தாக்கில் இரண்டு மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டு, ஆடும் மாடும் கல் சுவரும் மெதடிஸ்ட் கோயிலுமாகவே காலத்தைக் கழித்தவள். யுத்தம் நடந்த வருஷங்களில் சட்டம் அனுமதித்த பன்றிக்கு மேல் இன்னொன்றை அந்தப் பக்கத்தில் எல்லோருமே மறைவாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். உணவு இலாகா அதிகாரி ஒருநாள் வாசலில் வந்து நின்று, "கணக்குப்படிதானேம்மா அறுத்தீங்க?" என்று பதிலையும் தானே எடுத்துக் கொடுத்துக் கேட்டார். நல்ல மனுஷர். தலையாட்டியிருந்தால் போயிருப்பார்.

"இல்லீங்க, ஒண்ணு கூடுதலா" என்றாள் திர்ஸா.

பன்றியும் போயிற்று, அபராதமும் கட்டியாயிற்று. அவள் புருஷன் கிட் அதைச் சந்தையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "எங்க வீட்டுக்காரி வாய் வழியா ஒரு முழுப் பன்னி ஓடிப்போச்சுய்யா!"

அப்படிப்பட்டவள் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை உண்மையை மறைத்தாள். அதையும் பொய் சொல்லாமலே மறைத்தாள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டார்வ் என்று ஒரு சொல். லண்டனில் யாரைக் கேட்டாலும் பட்டினி என்பார்கள். திர்ஸாவின் பள்ளத்தாக்கில் அதற்குப் பசியோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கே அது குளிர். கை கால் மரத்துப் பல் கிட்டித்துப்போகிற குளிர். பசிக்கு அவர்கள் க்ளெம் என்று வேறு ஒரு சொல் வைத்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ, ராஜாக்களின் பெயர்கூட மறந்துபோன காலத்தில், ஸ்டார்வ் என்றால் இரண்டுமே இல்லை, செத்துப்போவது என்று மட்டும்தான் அர்த்தமாம். தெற்கே இருந்தவர்கள் பசித்துச் சாவதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள். வடக்கே இருந்தவர்கள் குளிரில் சாவதற்கு எடுத்துக்கொண்டார்கள். போகப் போகச் சாவு உதிர்ந்துவிட்டது. அங்கே பசி நின்றது, இங்கே குளிர் நின்றது. நம்மிடம் காய்வது என்று ஒன்று இல்லையா? வயிறும் காயும், அடுப்படியில் உட்கார்ந்து குளிரும் காய்வோம். ஆனால் நமக்கு இரண்டும் தெரியும். திர்ஸாவுக்கு ஒன்றுதான் தெரியும்.

நாற்பத்து நாலாம் வருஷம் கோடையில் லண்டன் மேல் ஆளில்லாத விமானங்கள் வந்து விழ ஆரம்பித்தன. குழந்தைகளை ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். அப்படி வந்தவள்தான் ஐவி பெட்டிட். எட்டு வயசு. கோட்டில் பெயர்ச்சீட்டு, கையில் ஒரு துணி மூட்டை. அப்பா இத்தாலியில் போர்முனையில். அம்மா எல்ஸி பட்டாளத்துக்கு உடை தைக்கிற ஆலையில். குழந்தைகளை வீடு வீடாகச் சேர்த்துவைக்கும் வேலை மிஸஸ் ஸ்பென்ஸ்லியுடையது. அவள்தான் ஐவியை மேட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு வந்து ஹார்க்கர் வீட்டு வாசலில் விட்டாள்.

"வாம்மா கண்ணு, வா. பயணம் எப்படி இருந்துச்சு?" என்றாள் திர்ஸா.

"ஸ்டார்வ் ஆகுது ஆன்ட்டி" என்றது குழந்தை.

ஜூலை மாசம். கிட் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு தீவனப் புல் அறுத்துக்கொண்டிருக்கிறான். திர்ஸாவுக்குப் பகீரென்றது. காய்ச்சலாக இருக்குமோ? அவளைத் தூக்காத குறையாக அடுப்படிக்குக் கொண்டுபோய் உட்கார வைத்து, இன்னும் இரண்டு கட்டை போட்டு, தன் கம்பளிச் சால்வையை எடுத்துத் தலையோடு சுற்றினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இன்னும் ஸ்டார்வ் ஆகுது" என்றது அந்த மூட்டை, மூக்கு நுனியில் வேர்வை முத்து நிற்க.

இன்னொரு கம்பளியும் வந்தது. அதற்குள் தேநீர் வேளையாகிவிட்டதால் திர்ஸா ரொட்டியும் பன்றித்தொடைக் கறியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தாள். குழந்தை கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி நீட்டித் தின்றது. பிறகு ஸ்டார்வ் என்று சொல்லவில்லை. சால்வைதான் வேலை செய்தது என்று திர்ஸா நினைத்துக்கொண்டாள். சாப்பாடு கிடைத்துவிட்டது என்று ஐவி நினைத்துக்கொண்டாள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு எட்டவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மறுநாள் காலை, "போ, வெளியில போய் லேக் பண்ணு" என்று அனுப்பிவைத்தாள். அங்கே விளையாடுவதற்கு அப்படித்தான் சொல்வார்கள். சாயங்காலம் வரை ஆளைக் காணோம். கிட் போய்த் தேடினால், மலைச் சரிவில் ஒரு பாறை மேல் ஏறி நின்றுகொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து நாலு திசையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பொண்ணே பாக்கற?"

"ஏரி எங்க இருக்கு அங்கிள்? ஆன்ட்டி போகச் சொன்னாங்க. நானும் காலையிலேர்ந்து தேடறேன்."

கிட் சிரித்த சிரிப்பில் ஆடுகள் ஓடின. இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றும் சிரித்தான். முந்தின யுத்தத்தில் பிரான்ஸில் விஷப்புகையை மூச்சில் இழுத்தவன் அவன். நெஞ்சு அன்றிலிருந்து சரியில்லை. அப்படி அவன் சிரித்து திர்ஸா பார்த்து ரொம்ப நாளாயிற்று.

அதிலிருந்து ஐவிக்கு அந்த ஊர்ச் சொற்களைப் பொறுக்கிச் சேர்ப்பதே விளையாட்டாயிற்று. கிட் ஒரு காய்ந்த கிளையை ஒடித்து நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சையைக் காட்டுவான். "பாரு, விக்!" விக் என்றால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். "எங்க ஊர்ல விளக்குத் திரிக்குத்தான் விக்னு பேரு" என்பாள் அவள். பிறகு வீட்டில் எது கண்ணில் பட்டாலும் சுரண்டிப் பார்ப்பாள். தூங்குகிற நாயின் காதைத் தூக்கி, "விக்!" என்பாள். நாற்காலியில் கண்ணசந்த கிட்டின் மூக்கைப் பிடித்து, "அங்கிளும் விக்!" என்பாள்.

திர்ஸாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு வந்தது, இரண்டும் கண் திறக்காமலே போயிற்று. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் அந்த வருஷம் ஐவியின் உடுப்புகளில் இரண்டு முறை பொத்தானைத் தள்ளித் தைக்க வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் ஊசியோடு ஜன்னலருகே உட்கார்ந்து, வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் இருப்பாள். யுத்தம் முடியாமல் இருக்கட்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொள்ளலாமா? வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் முடியட்டும் என்று கோயிலில் எல்லோரும் வேண்டும்போது அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது.

ஒன்றே ஒன்றுதான் அவளை உறுத்தியது. ஐவியைப் படுக்கவைத்திருந்த அறை வடக்குப் பக்கம், பால் வைக்கிற கிடங்குக்கு மேலே. கணப்பு கிடையாது. கோடையில் தெரியவில்லை. நவம்பர் வந்ததும் ஜன்னலுக்கு உள்பக்கமே பனி படிந்தது. கணப்புள்ள அறை ஒன்றுதான், அதில் கிட் படுத்திருந்தான். அவன் நெஞ்சுக்குக் குளிர் ஆகாது. செங்கல்லை அடுப்பில் சுட்டு, துணி சுற்றி, ஐவியின் காலடியில் வைப்பாள் திர்ஸா. காலையில் இறங்கி வரும்போது குழந்தை அந்த ஊர்க்காரியாகவே சொல்லும்:

"ஆன்ட்டி, ராத்திரி ரொம்ப ஸ்டார்வ் ஆயிட்டேன்!"

"தெரியும்டி கண்ணு. இன்னிக்கு ரெண்டு செங்கல்."

எங்கள் கட்டிலிலேயே நடுவில் போட்டுக்கொண்டால் என்ன என்று பல நாள் நினைத்தாள். அடுத்தவள் பெற்ற பிள்ளை, அவ்வளவு உரிமை எடுக்கலாமா என்று தயங்கினாள். தயக்கத்திலேயே ஜனவரி வந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எல்ஸி மகளைப் பார்க்க வந்தாள். முதல் நாளே ரயில் ஏறி, வழியில் எங்கோ பெஞ்சில் படுத்து, சந்தை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் நிற்கிற இடத்தில் திர்ஸாவும் ஐவியும் வெகு நேரமாகக் காத்திருந்தார்கள். காற்று கத்தியாக அறுத்தது. ஐவி இந்த ஆறு மாசத்தில் கிடுகிடுவென வளர்ந்திருந்தாள். மணிக்கட்டு சட்டைக்கு வெளியே நீண்டிருந்தது, கால் இரண்டும் குச்சி மாதிரி, முகம் குளிரில் நீலம் பாரித்திருந்தது.

"என் தங்கமே! எப்படிடா இருக்கே?" என்று அவளை வாரிக்கொண்டாள் எல்ஸி.

"ஸ்டார்வ் ஆயிட்டேன் மம்!" என்றாள் ஐவி, பல் தந்தியடிக்க, புது பாஷையைக் காட்டுகிற பெருமையோடு.

எல்ஸி அவளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "என்னது? இன்னிக்கா?"

"தினமும்தான். ராத்திரியில ரொம்ப மோசம்."

திர்ஸாவுக்கு முகம் சுட்டது. பெற்றவளிடம் முதல் வார்த்தையே அதைச் சொல்லிவிட்டாளே! மேட்டுப் பாதை ஏறுகிற வரை எல்ஸி மகளின் கையை விடவில்லை. திர்ஸா கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க" என்று நறுக்கிப் பதில் சொன்னாள்.

வீட்டில் மேஜை நிறைய வைத்திருந்தது. கறி, ரொட்டி, ருபார்ப் பணியாரம், வெண்ணெய். மேலே உத்தரத்துக் கொக்கிகளில் உப்பு போட்ட இரண்டு பன்றித்தொடைகள் தொங்கின. எல்ஸி மேலே பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"ஐவி, நாயைக் கூட்டிட்டு வெளியில போ" என்றாள். கதவு சாத்தியதும் திரும்பினாள். "ஆலையில கூட வேலை செய்யறவங்க எல்லாம் சொல்லுவாங்க, சர்க்கார் குடுக்கற காசுக்கு ஆசைப்பட்டுப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு என்னென்ன பண்ணுவாங்கன்னு. நான் நம்பல. எம்பொண்ணு நல்ல எடத்துல இருக்கான்னு அவங்ககிட்ட சண்டை போட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க மிஸஸ் ஹார்க்கர். என் புள்ளைய ஸ்டார்வ் பண்ணீங்களா, இல்லையா?"

நம் திர்ஸாவுக்குத்தான் பொய் வராதே.

"பண்ணிட்டேன்மா" என்றாள். கண் கலங்கிவிட்டது. "மறைக்க மாட்டேன். கோடையில ஒண்ணும் தெரியல. குளிர்காலம் வந்தப்புறம்தான் கஷ்டப்பட்டா. எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல. நல்லத அவருக்கு ஒதுக்கிட்டேன். மிச்சம் இருந்ததுதான் பொண்ணுக்கு."

எல்ஸியின் வாய் திறந்தபடி நின்றது. இல்லையென்று சத்தம் போடுவாள், சண்டைக்கு வருவாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஒதுக்கிட்டியா? தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்மா. தினம் மனசு கேக்காது. வசந்தம் வந்துட்டா சரியாப் போயிடும்னு..."

"வசந்தமா!" என்று கத்தினாள் எல்ஸி. மேலே தொங்கிய கறியைக் கையால் காட்டினாள். "இத்தன தொங்குது இங்க! இத்தன தொங்குது! எட்டு வயசுப் புள்ளைம்மா அது! நீ பெத்திருந்தா இப்படிச் செய்வியா?"

அந்தக் கடைசிக் கேள்வி மட்டும்தான் திர்ஸாவின் காதில் விழுந்தது. கறியை எதற்குக் காட்டுகிறாள் என்று அவள் யோசித்திருக்கலாம். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தாலும் போதும். பெற்றிருந்தால் கட்டிலில் நடுவே போட்டுக்கொண்டிருப்போமே என்ற ஒன்றுதான் அவள் நெஞ்சில் ஓடியது.

"செஞ்சிருக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக.

திரும்புகிற பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் மறு சனிக்கிழமைதான். எல்ஸி மாடிக்குப் போய் இருந்ததையெல்லாம் மூட்டையாகச் சுருட்டினாள். மேஜையில் இருந்த ஒரு துண்டு ரொட்டியை அவள் தொடவில்லை. ஐவிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவோடு நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வரப்போகிறோம் என்றுதான் நினைத்தாள். நாயின் காதைத் தூக்கி "விக்!" என்றாள். திர்ஸாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "வந்து லேக் பண்ணலாம் ஆன்ட்டி. அங்கிள்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

கிட் மேல் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டு பொழுது சாய்ந்துதான் வந்தான். பனி வரப்போகிறது என்று ஆடுகளுக்குத் தெரிந்துவிட்டது என்றான். பிறகு மேஜையைப் பார்த்தான். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"பொண்ணு எங்க?"

திர்ஸா சொன்னாள். "ஸ்டார்வ் பண்ணிட்டேன்னு கூட்டிட்டுப் போயிட்டா. நியாயம்தான். நானும் ஒத்துக்கிட்டேன்."

"ஸ்டார்வுக்காகவா? இந்த ஊர்ல ஜனவரில எந்தப் புள்ளை ஸ்டார்வ் ஆகல? அதுக்கு யாராவது..."

பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான். கையில் ஒரு பூட்ஸ்.

"திர்ஸா. அந்தம்மா அப்ப எதைப் பாத்தா?"

"எதையா? மேல பாத்தா. கறி தொங்குதே, கறி தொங்குதேன்னு கத்தினா. பாவம், ஆத்திரத்துல என்ன பேசறோம்னு தெரியல."

கிட் பூட்ஸைக் கீழே வைத்தான். "பிரான்ஸ்ல எங்க கம்பெனில சமையல்காரன் லண்டன்காரன். மொதல் வாரம் நான் அவன்கிட்ட போயி, ஸ்டார்வ் ஆகுதுன்னேன், பழைய கோட்டு எதாவது தருவான்னு நெனச்சு. ரொட்டி குடுத்தான். மறுநாளும் கேட்டேன், மறுபடி ரொட்டி. ஒரு கோட்டுக்காக வாரம் பூரா ரொட்டி தின்னேன் நான். அவனுங்களுக்கு ஸ்டார்வ்னா..." இதை அவன் எத்தனையோ வருஷமாகச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். பிரான்ஸைப் பற்றி அவன் வீட்டில் பேசியதே இல்லை. "அவனுங்களுக்கு ஸ்டார்வ்னா க்ளெம், திர்ஸா. பசி."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. திர்ஸா உத்தரத்தைப் பார்த்தாள். நல்லதை அவருக்கு ஒதுக்கிட்டேன். மிச்சம்தான் பொண்ணுக்கு. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றது.

"ஐயோ, நான் என்ன சொல்லிட்டேன் கிட்! என் வாயாலயே சொல்லிட்டேனே!"

"காலையில கீழ போறேன். மிஸஸ் ஸ்பென்ஸ்லிகிட்ட லண்டன் விலாசம் இருக்கும். நானே ரயில் ஏறிப் போயி அந்தம்மா முன்னாடி நிக்கறேன். சிரிச்சுடுவா பாரு. எல்லாரும் சிரிக்கத்தான் போறோம்."

காலையில் கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். அந்த வருஷத்துப் பனியை அங்கே இன்றைக்கும் சொல்வார்கள். பாதை, வேலி, கல் சுவர் எல்லாம் ஒன்றாகிவிட்டது. கிட் இரண்டு தடவை மண்வெட்டியோடு புறப்பட்டு, பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். மூன்றாம் தடவை திர்ஸாவே கிளம்பி இடுப்பளவு பனியில் மாட்டிக்கொள்ள, அவளை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. ஆடுகள் புதைந்தன. நீண்ட கோலைப் பனிக்குள் குத்தித் தேடி, கிடைத்ததைத் தோண்டியெடுத்து, மூக்கில் கை வைத்துப் பார்த்தார்கள். விக் என்று சொல்லும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். போய்ச் சொன்னால் ஐவி திரும்பி வந்துவிடுவாள் என்று திர்ஸா வடக்கு அறையிலிருந்து கட்டிலை இழுத்து வந்து தங்கள் அறையில் கணப்பருகே போட்டு வைத்தாள்.

வாரக்கணக்கில் அடைத்துக் கிடந்த பாதை திறந்த அன்று, அவர்கள் இறங்குவதற்கு முன்னால் மிஸஸ் ஸ்பென்ஸ்லி ஏறி வந்தாள். அவள் வருகிற நடையிலேயே திர்ஸாவுக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"விக்கா இருக்காளா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மிஸஸ் ஸ்பென்ஸ்லி அதே பள்ளத்தாக்குக்காரி. தலையை மட்டும் அசைத்தாள். இல்லை.

அப்போது லண்டனில் விழுந்துகொண்டிருந்தவை ராக்கெட்டுகள். வருகிற சத்தம் விழுந்த பிறகுதான் கேட்கும். ஓடி ஒளிய நேரம் கிடையாது. பட்டப்பகலில் கடைத்தெருவில் ஒன்று விழுந்தது. எல்ஸி ஆலையில் இருந்தாள். ஐவி கடைத்தெருவில் இருந்தாள்.

மே மாசம் யுத்தம் முடிந்தது. மலை உச்சியில் தீ மூட்டினார்கள். திர்ஸா போகவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நாய் குரைத்தது. திர்ஸா கையிலிருந்த மாவோடு வந்து கதவைத் திறந்தால், எல்ஸி. ஒரு வருஷத்துக்குள் இவ்வளவு வயசாகுமா ஒருத்திக்கு? தோள் முன்னால் மடிந்திருந்தது. மெல்லிசான கோடைக் கோட்டுதான் போட்டிருந்தாள்.

"உள்ள வாங்கம்மா."

வந்தாள். உட்காரவில்லை. கிட் அடுப்படியிலிருந்து எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"சண்டைக்கு வரல" என்றாள் எல்ஸி. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் புருஷன் ஜிம் அடுத்த மாசம் இத்தாலியிலேர்ந்து வந்துடுவான். ஏன்டி கூட்டிட்டு வந்தேன்னு கேப்பான். எல்லாரும் கேக்கறாங்க. நேரா கேக்கல, பார்வையிலயே கேக்கறாங்க. பத்திரமா இருந்த புள்ளைய எதுக்கு இங்க கொண்டாந்தேன்னு."

திர்ஸா கையில் ஒட்டியிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள்.

"பசியில கெடந்துச்சுன்னுதான் கொண்டாந்தேன். தினம் ஆலைக்குப் போறப்ப கையில காசு குடுப்பேன், பன் வாங்கித் தின்னுன்னு. ஆறு மாசம் காஞ்ச வயிறு ஆச்சே, தேத்தணும்னு. அந்தக் கடை வரிசையிலதான் நின்னிருக்கா. பன் வாங்க." குரல் ஒரே மட்டத்தில் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி. "இப்ப ராத்திரியெல்லாம் எனக்கு ஒரு நெனப்பு. பஸ்ஸுல திரும்பறப்ப ஐவி சொன்னா, ஆன்ட்டி பணியாரம் நல்லாயிருக்கும்னு. அன்னிக்கு நான் காதுல வாங்கல. பசியில கெடந்த புள்ளை அப்படிச் சொல்லுமா? நான்தான் தப்பா... நான் எதையாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டு..."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அன்னிக்கு ஒளிக்காம சொன்னீங்க. அதனாலதான் உங்ககிட்டயே வந்தேன். உள்ளதச் சொல்லுங்க. என் பொண்ண ஸ்டார்வ் பண்ணீங்களா?"

கிட்டின் வாய் திறந்தது. "அம்மா, அது வந்து, எங்க ஊர்ல..."

திர்ஸா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவன். அந்தப் பார்வையை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டான்.

ஒரு வார்த்தை போதும். எங்கள் ஊரில் அதற்குக் குளிர் என்று அர்த்தம் அம்மா, உன் பிள்ளை இந்த மேஜையில் வயிறாரத் தின்றாள், பொத்தானை நானே இரண்டு தரம் தள்ளித் தைத்தேன். எத்தனை மாசமாக நெஞ்சுக்குள் உருட்டி வைத்திருந்த பேச்சு. சொன்னால் தன் பாரம் இறங்கிவிடும். இறங்கி எங்கே போகும்? எதிரே நிற்கிறவளின் தலையில்தான் போய் உட்காரும். அந்தத் தோள் இனி எதைத் தாங்கும்?

"பண்ணினேன்மா" என்றாள் திர்ஸா. "அன்னிக்குச் சொன்னதுதான். மாத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. குளிர்காலம் பூரா ஸ்டார்வ் ஆகித்தான் கெடந்தா. ராத்திரியில ரொம்ப. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் விட்டேன். நீங்க கூட்டிட்டுப் போனது சரிதான். எந்தத் தாயும் அதத்தான் செஞ்சிருப்பா."

எல்ஸி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அந்த முகத்தில் ரத்தம் ஏறியது. மடிந்திருந்த தோள் நிமிர்ந்தது. இத்தனை மாசமாகத் தன்னையே கடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கடிக்க வேறு ஆள் கிடைத்துவிட்டது.

"அப்ப நான் தப்பாப் புரிஞ்சுக்கல."

"நான் சொன்னது சொன்னதுதாம்மா."

"உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன். சாகற வரைக்கும் மாட்டேன்."

"வேணாம்மா" என்றாள் திர்ஸா. "மன்னிக்க வேணாம்."

எல்ஸி கதவைச் சாத்தாமல் போனாள். மேட்டுப் பாதையில் நேராக, வேகமாக இறங்கினாள்.

கிட் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "அந்த அதிகாரி பன்னியப் பத்திக் கேட்டப்போ உனக்கு மறைக்க வரல" என்றான் கடைசியில். "இன்னிக்குப் பொய் சொல்லிட்டியே."

"எங்க பொய்? ஸ்டார்வ்தானே ஆனா."

திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று வந்தது. மலை மேலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வருகிற காற்று. கீழே போகிறவளின் மெல்லிசுக் கோட்டு அதில் படபடவென்று அடித்துக்கொண்டது. பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. அந்த இடத்தில் ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லை. திர்ஸா ஆணியில் மாட்டியிருந்த கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஜூலை மாசத்தில் ஒரு குழந்தையைத் தலையோடு சுற்றிய அதே சால்வை.

கேட்டருகே வந்து, சுவரில் கை ஊன்றி, கூப்பிட வாயைத் திறந்தாள்.

நில்லும்மா, இதைப் போத்திக்கிட்டுப் போ, அந்தக் கோட்டுல நீ...

அதற்கு மேல் வரவேண்டிய சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து குளிருக்கு அந்த ஒரு சொல்தான் அவளுக்கு வரும். அதை விழுங்கிக்கொண்டு, வேறு ஒன்று வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. எல்ஸி திரும்பாமல் வளைவைத் தாண்டிப் போனாள். திர்ஸா சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு மழை வரும்வரை அங்கேயே நின்றாள்.